நூறால் பெருக்கும் கணக்கு: சென்னைக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஒரு குடும்பத்தின் வரவும் செலவும்

1929ஆம் ஆண்டு ஃபோர்டு கார் நிறுவனத்துக்கு ஒரு கேள்வி எழுந்தது. டெட்ராய்ட் ஆலையில் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஏழு டாலர் கூலி. பெர்லின், பாரிஸ், கோபன்ஹேகன், அயர்லாந்தின் கார்க் போன்ற ஊர்களில் வேலை செய்பவரும் டெட்ராய்ட்காரர் வாழ்வதுபோலவே வாழ வேண்டுமென்றால் அங்கே எவ்வளவு கூலி தர வேண்டும்? நிறுவனத்தின் பிரிட்டன் தலைவர் பெர்சிவல் பெர்ரி இந்தக் கேள்வியை ஜெனீவாவிலிருந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிடம் கொண்டுபோனார். ஆய்வுச் செலவுக்கு 25,000 டாலர் கிடைக்க பாஸ்டன் நகர வணிகர் எட்வர்ட் ஃபைலீன் வழிசெய்தார். டெட்ராய்ட்டில் 100 தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவைத் துருவி எடுத்துப் பட்டியலிட்டார்கள். பிறகு அந்தப் பட்டியலுடன் ஐரோப்பியக் கடைத்தெருக்களில் விலை கேட்கத் தொடங்கினார்கள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. டெட்ராய்ட் குடும்பங்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் கார் இருந்தது. பெர்லின் தொழிலாளி டிராமில் போய்க்கொண்டிருந்தார். காரைப் பட்டியலில் சேர்த்தால் பெர்லின் வாழவே முடியாத ஊராகிவிடும். விட்டுவிட்டால் டெட்ராய்ட் குடும்பத்தின் வாழ்க்கையில் பாதி காணாமல் போகும். இன்னொரு பக்கம், ஜெர்மன் தொழிலாளிக்கு 1883 முதலே சட்டப்படி நோய்க் காப்பீடு உண்டு. டெட்ராய்ட்காரருக்கு அப்படி எதுவும் கிடையாது. இதைப் பட்டியலின் எந்த வரியில், என்ன விலை போட்டு எழுதுவது?

ஏறத்தாழ நூறாண்டு கழித்து இதே கேள்வியைச் சென்னைச் சோழிங்கநல்லூரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பொறியாளர் கைப்பேசியில் ஒரே பெருக்கலில் முடித்துவிடுகிறார். ஆண்டுக்கு 60,000 யூரோ, யூரோவுக்கு 100 ரூபாய், ஆக 60 லட்சம். இங்கே வாங்குவது 20 லட்சம். பேச்சு முடிந்தது.

இந்தியர்களைத் தேடி ஜெர்மனி வருவதால் இந்தப் பெருக்கல் இப்போது பல வீடுகளில் நடக்கிறது. திறன்சார் பணியாளர்களுக்கான விசாக்களில் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்ததை 90,000 ஆக்கப்போவதாக 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு அறிவித்தது. மென்பொருள்காரர்கள், செவிலியர்கள், ஆட்டோமொபைல் பொறியாளர்கள் எனப் பலரும் மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். பொதுவாக நம்மவர்களை ஜெர்மனியோடு இணைத்துப் பேசும்போது சம்பளத்தைச் சொல்வார்கள், குளிரைச் சொல்வார்கள். இரண்டு ஊர்களிலும் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி நகரும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் அந்தப் பெருக்கலையே எடுத்துக்கொள்வோம். நாடுகளின் விலைவாசியை ஒப்பிட ஐ.நா.வும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் 1968இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. இர்விங் கிராவிஸ், ஆலன் ஹெஸ்டன், ராபர்ட் சம்மர்ஸ் ஆகியோர் வளர்த்தெடுத்த அந்தச் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தை இன்று உலக வங்கி ஒருங்கிணைக்கிறது. அதன் 2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி, சந்தையில் ஒரு டாலருக்கு 65.12 ரூபாய், ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் 20.65 ரூபாய்க்கு வாங்கலாம். ஜெர்மனியில் அதே சரக்குக்கு முக்கால் யூரோ போல ஆகும். கடைசி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஜெர்மனியில் செலவாகும் ஒரு யூரோ, இந்தியாவில் செலவாகும் சுமார் 28 ரூபாய்க்குச் சமம். அந்த விகிதத்தைப் பிடித்தால் 60,000 யூரோ என்பது ஏறத்தாழ 17 லட்சம்தான். இங்கே வாங்கும் 20 லட்சத்துக்கும் கீழே!

இதைக் கேட்டதும் பயணத்தை ரத்துசெய்ய வேண்டியதில்லை. நூறால் பெருக்குவது எவ்வளவு தவறோ, இருபத்தெட்டால் பெருக்குவதும் ஏறக்குறைய அவ்வளவு தவறு. ஒப்பீட்டுத் திட்டத்தின் கூடையில் இருப்பது சராசரி இந்தியரின் நுகர்வு. நம் பொறியாளர் சராசரி இந்தியர் அல்லர். விலை விகிதம் பொருளுக்குப் பொருள் எப்படி மாறுகிறது என்பதைப் பார்த்தால்தான் உண்மை பிடிபடும்.

ஆவின் நீல நிறப் பாக்கெட் பால் லிட்டர் 40 ரூபாய். ஜெர்மனியின் மலிவுக் கடைகளில் ஒரு லிட்டர் பால் ஒரு யூரோவை ஒட்டி இருக்கும். வித்தியாசம் இரண்டரை மடங்கு. கைப்பேசி, மடிக்கணினி போன்றவை இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலை. சில சமயம் அங்கே மலிவு. இனி மனித உழைப்புக்கு வாருங்கள். 2018இல் தமிழ்நாடு அரசு வீட்டுவேலை செய்பவர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாயிலிருந்து தொடங்கியது. அதே ஆண்டில் ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.84 யூரோ, அன்றைய மதிப்பில் 700 ரூபாய் போல. பத்தொன்பது மடங்கு வித்தியாசம். அதன் பிறகு ஜெர்மனியில் அது 2025இல் 12.82 யூரோவாகவும் 2026 தொடக்கத்தில் 13.90 யூரோவாகவும் ஏறிவிட்டது.

கப்பலேறிப் போகக்கூடிய பொருள்களின் விலை நாடுகளுக்கிடையே நெருங்கிவிடும். முடிவெட்டுவதையும் பாத்திரம் துலக்குவதையும் கப்பலில் ஏற்ற முடியாது, ஆகவே அவற்றின் விலை உள்ளூர்க் கூலியோடு கட்டுண்டிருக்கும். பேலா பலாஸாவும் பால் சாமுவேல்சனும் 1964இல் தனித்தனியே விளக்கியது இதைத்தான். (‘தி எகனாமிஸ்ட்’ இதழ் 1986 முதல் நடத்திவரும் பர்கர் குறியீடும் இதே தத்துவத்தின் விளையாட்டு வடிவம். இந்தியாவில் மாட்டிறைச்சி பர்கர் கிடைக்காமல் கோழி பர்கரை வைத்துச் சமாளித்தார்கள். ஒப்பிடுவதற்கு ஒரே பொருள் இரண்டு ஊரிலும் இருக்காது என்ற 1929ஆம் ஆண்டுச் சிக்கல் அங்கேயும் தலைகாட்டியது.)

ஆகவே சென்னையில் எது மலிவு என்று கேட்டால், விடை அரிசியோ பருப்போ அல்ல, பிறருடைய நேரம். நடுத்தர வர்க்கத்தின் மேல்தட்டில் இருப்பவர் வீட்டில் பாத்திரம் துலக்க ஒருவர், சமைக்க ஒருவர் வருவார்கள். இஸ்திரிக்காரர் தெருமுனையில் இருக்கிறார். தண்ணீர் கேன் மாடியேறி வரும். குழாய் ஒழுகினால் அரை மணியில் பிளம்பர் வருவார். இரவு பத்து மணிக்குப் புரோட்டா வீடு தேடி வரும். இந்த வசதி அந்தரத்திலிருந்து வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வருகிறவர்களின் கூலி குறைவாக இருப்பதுதான் இந்த வசதியின் முழு ரகசியம். நாட்டில் மாதச் சம்பளக்காரர்களின் சராசரி வருமானமே சுமார் 20,000 ரூபாய் என்று மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வு சொல்லும்போது, மாதம் ஒன்றரை லட்சம் வாங்குபவர் பிறரின் நேரத்தைத் தாராளமாக வாங்க முடிகிறது. ஜெர்மனியில் முழுநேர ஊழியர்களின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 2024இல் சுமார் 52,000 யூரோ. 60,000 வாங்குபவர் அந்த நடுக்கோட்டுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். அவருடைய ஒரு மணி நேரமும் துப்புரவுப் பணியாளரின் ஒரு மணி நேரமும் விலையில் வெகு தூரத்தில் இல்லை. ஆகவே பாத்திரத்தை அவரே துலக்குவார்.

குடிபெயர்பவர் இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகிறார் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். ஒரு சமூகத்தின் உச்சாணிக் கொம்பிலிருந்து இன்னொரு சமூகத்தின் நடுக்கிளைக்கும் போகிறார். நாடுகளை ஒப்பிடும் அட்டவணைகள் எதிலும் இந்த இரண்டாம் பயணம் வராது.

சரி, நேரத்தின் விலை கூடியது. அதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்க்கலாம்.

2025ஆம் ஆண்டு விகிதப்படி, மாதம் 5,000 யூரோ வாங்கும், திருமணமாகாத, குழந்தையில்லாத ஒருவருக்கு ஓய்வூதியப் பங்கு 9.3 சதவீதம் போகும். வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3. மருத்துவக் காப்பீட்டுக்கு 7.3 சதவீதமும், காப்பீட்டு நிறுவனத்துக்கு ஏற்ப மாறும் கூடுதல் கட்டணத்தில் பாதியும். முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டுக்கு 1.8, குழந்தையில்லாதவர் என்பதால் மேலும் 0.6. இதற்குமேல் வருமான வரி. கடைசியில் கையில் வருவது 3,100 யூரோ போல. நூற்றுக்கு 37க்கும் மேல் பிடித்தம். இங்கே 20 லட்சம் சம்பளக்காரர் 2025-26 புதிய வரி முறையில் கட்டும் வருமான வரி சுமார் 1.9 லட்சம், நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஜெர்மனியில் கொள்ளையடிக்கிறார்கள் என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். பிடித்ததை என்ன செய்கிறார்கள் என்று அடுத்த கேள்வியையும் கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

பெரும்பகுதி போவது கெட்ட காலத்துக்கு. காய்ச்சலோ, முதுகுவலியோ, மனச்சோர்வோ, மருத்துவர் சான்று கொடுத்தால் ஆறு வாரம் முழுச் சம்பளத்தை முதலாளி தர வேண்டும். அதற்குமேலும் நோய் நீண்டால் சம்பளத்தில் 70 சதவீதம் வரை காப்பீடு தரும். ஒரே நோய்க்கு மூன்றாண்டுக்குள் மொத்தம் 78 வாரம் வரை. மருத்துவமனையில் படுத்தால் நாளொன்றுக்கு 10 யூரோ கட்ட வேண்டும், அதுவும் ஆண்டுக்கு 28 நாளுக்கு மட்டும். சம்பாதிக்காத கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் அதே காப்பீடு கூடுதல் கட்டணமில்லாமல் பொருந்தும். வேலை போனால் கையில் வந்த சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67 சதவீதம், கட்டிய காலத்தைப் பொறுத்துப் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு மாதம் வரை. ஒவ்வொரு பிள்ளைக்கும் 2025இல் மாதம் 255 யூரோ. பள்ளிக்கூடம் இலவசம்.

இந்தியாவில் மருத்துவச் செலவு மொத்தத்தில் மக்கள் தம் பையிலிருந்து நேரடியாகக் கொடுப்பது 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஜெர்மனியில் அது சுமார் எட்டில் ஒரு பங்கு. சென்னைப் பொறியாளருக்கு அலுவலகம் தரும் குழுக் காப்பீடு உண்டுதான். அது வேலையோடு வந்து வேலையோடு போகும். நாற்பத்தைந்து வயதில் வேலை போன அன்று அதன் அருமை தெரியும்.

ஆனால் தமிழ்நாட்டை வெறும் கையாகக் காட்டுவது நியாயமில்லை. அரசு மருத்துவமனை இங்கேயும் இலவசம். அரசுப் பள்ளியும் இலவசம், தொடக்க வகுப்புகளில் 2022 முதல் காலை உணவோடு. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். நம் பொறியாளர் குடும்பம் அந்த மின்சாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கடந்துபோகிறது. பிள்ளை லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் சிபிஎஸ்இ பள்ளியில், மருத்துவம் தனியாரில், போக்குவரத்து காரில். ஜெர்மனிக்குப் போனதும் அதே குடும்பம் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்து, டிராமில் அலுவலகம் போகிறது, ஏனென்றால் அங்கே பத்தில் ஒன்பது குழந்தைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஆகவே பள்ளிக் கட்டணம் மிச்சம் என்று ஜெர்மனிக் கணக்கில் வரவு வைப்பதில் ஒரு பகுதி, நாம் இங்கே பொதுவானவற்றை விட்டு விலகியதற்காகக் கட்டிய அபராதம் மிச்சமானது.

அந்தப் பொது மருத்துவத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. சென்னையில் காது வலித்தால் மாலையே காது மூக்கு தொண்டை நிபுணரின் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்காரலாம். ஜெர்மனியில் பெரும்பாலும் முதலில் குடும்ப மருத்துவர். நிபுணரைப் பார்க்க வாரக்கணக்கில், தோல் மருத்துவர் போன்றவர்களுக்குச் சில ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அவசரமல்லாத தொல்லைக்கு அழைக்க 116117 என்ற எண் இருக்கிறது. இங்கே பணம் கொடுத்து நேரத்தை வாங்குகிறோம், அங்கே நேரத்தைக் கொடுத்துப் பணத்தைக் காப்பாற்றுகிறார்கள். சின்ன வலிகள் அதிகமுள்ள குடும்பத்துக்குச் சென்னை நல்லது; பெரிய நோய் வரக்கூடிய குடும்பத்துக்கு ஜெர்மனி நல்லது. எந்தக் குடும்பம் தன்னுடையது என்று யாருக்கு முன்கூட்டியே தெரியும்?

வீட்டுக்கு வருவோம்; கணக்கு பெரும்பாலும் குப்புற விழுவது இங்கேதான். ஜெர்மனியின் சாக்சனியில் புள்ளியியல் அலுவலகத்தை நடத்திய எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் ஒரு விதியைக் கண்டார்: வருமானம் ஏற ஏற உணவுக்குப் போகும் பங்கு குறையும். இந்திய நகரக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு 2023-24 ஆய்வின்படி 39.68 சதவீதம். ஜெர்மனியில் சுமார் ஏழில் ஒரு பங்கு. அங்கே உணவு விட்டுக்கொடுத்த இடத்தை வீடு பிடித்துக்கொண்டுவிட்டது: குடியிருப்பும் எரிசக்தியும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஆகவே அரிசி விலையையும் தக்காளி விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஜெர்மன் குடும்பத்தின் சின்னச் செலவைப் பெரிதாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

மியூனிக்கில் புதிதாகக் குடிவருபவரிடம் சதுர மீட்டருக்கு 20 யூரோவுக்கு மேல் கேட்பது சாதாரணமாகிவிட்டது. 75 சதுர மீட்டர், நம் கணக்கில் 800 சதுர அடிக்குச் சற்று மேல், 1,500 யூரோ. விளம்பரத்தில் போடும் இந்தத் தொகையில் வெந்நீர், அறையைச் சூடாக்குவது, குப்பை, படிக்கட்டுச் சுத்தம் எதுவும் அடங்காது. அவற்றுக்கு மாதாமாதம் ஒரு முன்பணம். ஆண்டு முடிவில் கணக்கு முடித்து மிச்சம் கேட்டு ஒரு கடிதம் வரும். முதல் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து ஹீட்டரையும் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தக் கடிதம் நல்ல பாடம். மின்சாரம் தனி, 2024இல் யூனிட்டுக்கு 40 சென்ட் போல. தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ. ஆக மியூனிக்கில் தனி ஆளின் கைச்சம்பளத்தில் பாதிக்கு மேல் கூரைக்கே போய்விடும். கிழக்கே லைப்சிக்கில் வாடகை ஏறத்தாழ அதில் பாதி. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, இந்தியா நல்லதா ஜெர்மனி நல்லதா என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. சென்னைப் பெருங்குடியா மியூனிக்கா, பெருங்குடியா லைப்சிக்கா என்று கேட்க வேண்டும்.

பல வீடுகள் அடுப்படி இல்லாமலே வாடகைக்கு வரும் என்பது நம்மவர்களைத் திகைக்க வைக்கும் செய்தி. அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். மேலே விளக்குக்குப் பதில் இரண்டு ஒயர் தொங்கும். ஒன்று முந்தையவருக்குப் பணம் கொடுத்து அதையே வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் புதிதாகப் போட வேண்டும். முன்பணம் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. தமிழ்நாட்டிலும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அதே மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது; சென்னையில் ஆறு மாத, பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். அங்கே வீடு கிடைப்பது பெரும்பாடு. ஒரு வீட்டைப் பார்க்கப் பலர் வரிசையில் நிற்பார்கள், மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கடன் நாணயச் சான்றும் கேட்பார்கள். கிடைத்துவிட்டால் இங்கேபோல் 11 மாத ஒப்பந்தம் இல்லை. பெரும்பாலும் காலவரம்பற்ற ஒப்பந்தம். உரிமையாளர் நினைத்தபடி காலிசெய்யச் சொல்ல முடியாது. நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள், பலர் ஆயுள் முழுக்க. சொந்த வீடு இல்லாதவன் வாழ்க்கையில் தேறவில்லை என்ற நம்மூர் அளவுகோல் அங்கே செல்லுபடியாகாது.

மற்றவை சின்னச் சின்னவை, ஆனால் அன்றாடம் என்பது அவற்றால் ஆனது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்திருந்த சென்னைக்காரர் இதற்கு ஒரு விலை போட்டுக்கொள்ளட்டும். மாதம் 63 யூரோவில் நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் போகலாம். சென்னை மாநகரப் பேருந்து பாஸ் 1,000 ரூபாய், ஆனால் வண்டி எப்போது வரும் என்பது வேறு விஷயம். (ஜெர்மன் ரயில்கள் சொன்ன நேரத்துக்கு வரும் என்று நம்பிப் போகிறவர்களுக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது.) ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அரசியல் சட்டமே அதை ஓய்வு நாளாகக் காக்கிறது. டிசம்பரில் பெர்லினில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது.

இவ்வளவு நேரம் குடும்பம் என்று பொதுவாகச் சொல்லிவந்தேன். குடும்பத்துக்குள் லாபமும் நஷ்டமும் ஒரே மாதிரி பங்கிடப்படுவதில்லை. இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகப் பதிவாகியிருக்கிறது. ஜெர்மனியின் 2022 ஆய்வில் ஊதியமில்லாத வேலைக்குப் பெண்கள் வாரம் கிட்டத்தட்ட 30 மணி நேரமும் ஆண்கள் 21 மணிக்குச் சற்றுக் குறைவாகவும் கொடுக்கிறார்கள். இரண்டு ஆய்வின் வரையறைகளும் ஒன்றல்ல என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிடக் கூடாது. ஆனால் இந்தியாவில் மூன்று மடங்காக இருக்கும் இடைவெளி, ஜெர்மனியில் ஒன்றரை மடங்கை ஒட்டி நிற்கிறது என்பது தெளிவு. சென்னையில் வேலைக்காரம்மாவின் கூலிதான் பல தம்பதிகளுக்கிடையே சமாதானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அவர் இல்லாத ஊரில் கணவன் அடுப்படிக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த வேலையும் மனைவியின் தலையில் விழும்.

மனைவிக்கு வேலை உரிமை உண்டு. நீல அட்டை என்ற விசாவில் போகிறவரின் துணைக்கு முதல் நாளிலிருந்தே எந்த வேலையும் செய்ய அனுமதி. ஆனால் சென்னையில் வங்கியிலோ பள்ளியிலோ பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கு ஜெர்மன் மொழி வராமல் அதே நாற்காலி கிடைக்காது. ஒரு வயது முதல் குழந்தைக்குப் பகல்நேரக் காப்பகத்தில் இடம் பெறும் சட்ட உரிமை 2013 முதல் இருக்கிறது. உரிமை இருக்கிறது, இடம்தான் பல ஊர்களில் இல்லை. இங்கே அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் பாட்டி; அவருக்கு எந்த அட்டவணையிலும் சம்பளம் எழுதப்பட்டிருக்காது. இருவர் சம்பளத்தில் ஓடிய வீடு ஒருவர் சம்பளத்துக்கு மாறினால், 20 லட்சத்தை 60 லட்சத்தோடு ஒப்பிட்ட கணக்கின் இடப்பக்கம் பாதிதான் எழுதப்பட்டிருந்தது என்று தெரியவரும். இரண்டு சம்பளங்களையும் இடப்பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும் என்பது என் கருத்து.

மேலே சொன்ன பாதுகாப்புகளுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. வேலையின்மைக் காப்பீடு பன்னிரண்டு மாதம் கிடைக்கலாம், ஆனால் தங்கும் அனுமதி வேலையோடு பிணைந்திருக்கிறது. வேலை போனதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். சில மாதங்களில் அடுத்த வேலை கிடைக்காவிட்டால் அனுமதியைக் குறைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதே பங்கைக் கட்டும் ஜெர்மானியர் நிம்மதியாக வேலை தேடுவார், நம்மவர் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு தேடுவார். நீல அட்டைக்காரருக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி 27 மாதத்தில் கிடைக்கும். மொழியில் இடைநிலைத் தேர்வு தேறியிருந்தால் 21 மாதத்தில். ஆக மாலை நேர மொழி வகுப்பு என்பது பண்பாட்டு ஆர்வத்துக்காக அல்ல. கட்டிய காப்பீடு முழுமையாகத் தன்னுடையதாகும் நாளை ஆறு மாதம் முன்னுக்கு இழுப்பதற்கு.

எந்தக் காப்பீடும் தொடாத ஓர் இடம், ஊரில் இருக்கும் பெற்றோர். 2024 மார்ச் 1க்குப் பிறகு முதன்முதலாக அனுமதி பெற்ற திறன்சார் பணியாளர்கள் தம் பெற்றோரையும், துணையும் உடனிருந்தால் துணையின் பெற்றோரையும் அழைத்து வைத்துக்கொள்ளச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. நிபந்தனை: அரசுப் பணத்தை எதிர்பாராமல் அவர்களைப் பராமரிக்க வேண்டும், மருத்துவக் காப்பீடு உட்பட. அறுபத்தெட்டு வயதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவரைப் பொதுக் காப்பீடு பொதுவாகச் சேர்த்துக்கொள்ளாது; தனியார் காப்பீடு கிடைத்தாலும் அதன் விலை பலரைத் தயங்கவைக்கும். ஆகவே அப்பா அம்மா திருநெல்வேலியிலேயே இருப்பார்கள். அவர்களுக்குத் துணையாள், மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒருவர், வருடத்துக்கு ஒரு பயணம், நடுவில் அவசரத்துக்கு ஒரு பயணம் எல்லாம் ஜெர்மனிச் செலவாகவே எழுதப்பட வேண்டும்.

இங்கேதான் அந்த நூறால் பெருக்கும் கணக்கு ஒருவழியாகச் சரியாகிறது. ஜெர்மனியில் செலவழிக்கும் யூரோவை நூறால் பெருக்குவது தவறு. மிச்சம் பிடித்துத் திருநெல்வேலிக்கு அனுப்பும் யூரோவுக்கு நூறுதான் சரியான எண், ஏனென்றால் அது திருநெல்வேலி விலையில்தான் செலவாகப்போகிறது. மாதம் 500 யூரோ அனுப்பினால் அங்கே அது 50,000 ரூபாய். மியூனிக்கில் அதே 500 யூரோ வாடகையில் மூன்றில் ஒரு பங்கு. பத்தாண்டு இருந்து மிச்சம் பிடித்துத் திரும்பி வருகிறவருக்கும் அங்கேயே தங்கப்போகிறவருக்கும் ஒரே சம்பளக் கடிதம் இரண்டு வேறு பொருள் தரும். முன்னவருக்குக் குறைந்த வாடகை ஊர், சிறிய வீடு, ஊருக்குப் பணம். பின்னவருக்கு மொழி, நல்ல பள்ளி உள்ள பகுதி, ஓய்வூதியம். அந்த ஓய்வூதியத்துக்கும் 60 மாதப் பங்களிப்பு வேண்டும். 2017 மே முதல் நடப்பிலுள்ள இந்திய-ஜெர்மன் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தால் இந்தியாவில் கட்டிய காலத்தையும் தகுதிக்குச் சேர்த்துக்கொள்ளலாம், பணத்தை இங்கிருந்தும் வாங்கலாம்.

சிக்கல் என்னவென்றால், கிளம்பும்போது கிட்டத்தட்ட எல்லோரும் முதல் வகை. ஐந்தாண்டு இருந்துவிட்டு வந்துவிடுவோம் என்பார்கள். இரண்டாம் வகைக்கு அவர்களை மாற்றுவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாம் வகுப்பு முடிந்ததும், பல்கலைக்கழகத்தை நோக்கிய பள்ளியா வேறு வகைப் பள்ளியா என்று பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். பத்து வயதில் அந்த இடத்தைத் தாண்டி, ஜெர்மன் மொழியில் கணக்கும் வரலாறும் படித்துவிட்ட பிள்ளையைக் கூட்டிவந்து இங்கே எட்டாம் வகுப்பில் உட்காரவைப்பது எளிதல்ல. தமிழைப் பேச மட்டுமே தெரிந்திருக்கும், சிபிஎஸ்இ பாடத்திட்டம் வெகுதூரம் முன்னே போயிருக்கும், நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்புகள் அதற்குள் தொடங்கியிருக்கும். மூன்று வயதுப் பிள்ளையோடு போகிறவருக்கு முடிவெடுக்க ஏழாண்டு இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையோடு போகிறவர் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்.